கூலி கொடுத்தவர் யார்?

தாலுகா அலுவலக வாசலில், மரத்தடியில் சிறு மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவரை நாம் அனைவரும் அறிவோம். எந்த அதிகாரியைப் பார்க்க வேண்டும், எந்தச் சான்றிதழை இணைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. எழுதப் படிக்கத் தெரியாத ஏழைக்கு அவர் செய்வது உண்மையிலேயே உதவிதான். "உள்ளே நம்ம ஆள் இருக்கிறார், கொஞ்சம் செலவாகும்" என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போதுதான் அந்த உதவி வேறொன்றாக மாறத் தொடங்குகிறது.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இதே தொழில் பளிங்குத் தரையிட்ட மாடிக் கட்டடங்களில் நடைபெறுகிறது. இதற்கு அங்கே 'லாபி' என்று பெயர். பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் பல, வழக்காடுவதற்கு ஒரு பிரிவும் லாபிக்கு ஒரு பிரிவும் வைத்திருக்கின்றன. சட்டம் இயற்றும் உறுப்பினர்களைச் சந்தித்து, தங்களுக்குக் கட்டணம் கொடுத்தவருக்குச் சாதகமாகச் சட்டத்தின் ஒரு வரியை மாற்றவோ, ஒரு வரியைச் சேர்க்கவோ, சில வேளைகளில் ஒரு வரியும் மாறாமல் பார்த்துக்கொள்ளவோ முயல்வதே இந்தப் பிரிவின் வேலை. இது சட்டத்திற்குப் புறம்பானதன்று. அரசிடம் முறையிடும் உரிமை அந்நாட்டு அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்திலேயே இடம்பெற்றுள்ளது. ஏழைகளுக்காகவும் குடியேறிகளுக்காகவும் அமெரிக்க ஆயர்கள் சட்டமன்றக் கதவைத் தட்டுவதும் இதே உரிமையின்படிதான். எனவே 'லாபி' என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிக்க வேண்டியதில்லை. முகம் சுளிக்க வேண்டிய இடம் எது என்பதை ஒரு சிறிய மக்களினத்தின் கதையிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டி எல் பாசோ என்ற நகரம் உள்ளது. அதன் ஒரு பகுதியான இஸ்லெட்டாவில் டிகுவா என்ற பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். 1680இல் நியூ மெக்சிகோவில் பழங்குடிகள் ஸ்பானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, பின்வாங்கிய ஸ்பானியரோடு தெற்கே கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். 1682இல் அங்கே மறைத்தளம் எழுந்தது. இவர்கள் கத்தோலிக்கர்கள். இவர்களுடைய பாதுகாவலர் யார் தெரியுமா? நம் கோடி அற்புதர் புனித அந்தோனியார்தான். ஆண்டுதோறும் ஜூன் 13 அன்று ஆலயத்தின் முன் பறை முழங்க, தங்கள் மூதாதையரின் நடனத்தோடு அவருடைய திருவிழாவைக் கொண்டாடுகிறார்கள். உவரியிலும் புளியம்பட்டியிலும் கூடும் நம் மக்களுக்கு இவர்கள் அவ்வளவு அந்நியர் அல்லர்.

இவர்களின் நிலத்தில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டிலேயே பறிபோயிற்று. 1987இல்தான் மத்திய அரசு இவர்களைத் தனி மக்களினமாக முழுமையாக ஏற்றுக்கொண்டது. தொழில் இல்லை, விளைநிலம் இல்லை. அமெரிக்காவில் பல பழங்குடிகள் செய்தது போல இவர்களும் 1993இல் ஒரு சூதாட்ட விடுதியைத் தொடங்கினார்கள். அதன் வருமானத்தில் வீடுகள் எழுந்தன, மருத்துவ வசதி வந்தது, பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள்.

சூதாட்டத்தில் வரும் பணமா என்று நம் வாசகர்களில் சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சூதாட்டம் தன்னிலேயே நீதிக்கு எதிரானதன்று, ஆனால் ஒருவன் தனக்கும் தன் குடும்பத்துக்கும் தேவையானதை அதில் இழக்கும்போது அது ஏற்கத்தகாததாகிறது என்பதே திருச்சபையின் மறைக்கல்வி தரும் விளக்கம். ஆன்லைன் ரம்மியில் அழிந்த குடும்பங்களைக் கண்ட நமக்கு இந்த எச்சரிக்கை நன்றாகவே புரியும். டெக்சாஸில் இருந்த பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் பலரும் அப்படித்தான் கவலைப்பட்டார்கள். அவர்களுடைய கவலை நேர்மையானது. அந்த நேர்மையைத்தான் ஒருவர் விலைக்கு வாங்கினார்.

அவர் பெயர் ஜாக் அப்ரமாஃப். கிரீன்பெர்க் டிராரிக் என்ற பெரிய வழக்கறிஞர் நிறுவனத்தின் வாஷிங்டன் அலுவலகத்தில் லாபிக்காரர். 1967இல் மயாமியில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா வாக்குகளை மறுபடி எண்ணும் தகராறு எழுந்தபோது ஜார்ஜ் புஷ் தரப்புக்காக வாதாடியது. அதற்குச் சற்றுப் பிறகு, 2001இன் தொடக்கத்தில், அப்ரமாஃப் வேறொரு நிறுவனத்திலிருந்து தம் வாடிக்கையாளர்களையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சியின் முன்னணித் தலைவராக விளங்கிய டாம் டிலேயுடன் அவருக்கு நெருக்கம். அந்த நெருக்கமே அவருடைய சரக்கு.

அவருடைய கூட்டாளி மைக்கேல் ஸ்கான்லன், முன்னர் டிலேயின் அலுவலகத்தில் செய்தித் தொடர்பாளராக இருந்தவர். இவர் வழக்கறிஞர் நிறுவனத்தில் சேரவில்லை, தனியாக ஒரு விளம்பரக் கம்பெனி நடத்தினார். ஏற்பாடு எளிமையானது. அப்ரமாஃப் ஒரு பழங்குடி மன்றத்திடம் போய், "உங்கள் வேலைக்கு ஸ்கான்லனைப் போல ஒருவர் கிடைக்கமாட்டார்" என்பார். ஸ்கான்லன் லட்சக்கணக்கான டாலர் கட்டணம் கேட்பார். செலவு போக மிஞ்சிய லாபத்தில் பாதி, யாருக்கும் தெரியாமல் அப்ரமாஃபின் கைக்குத் திரும்பும். ஆறு பழங்குடி மக்களினங்கள் மூன்றே ஆண்டுகளில் ஸ்கான்லனுக்குக் கொடுத்தது குறைந்தது 6 கோடியே 60 லட்சம் டாலர் என்று செனட் அவையின் விசாரணைக் குழு பின்னர் கணக்கிட்டது.

இனி டிகுவா மக்களிடம் வருவோம். அவர்களுடைய விடுதி மாநிலச் சட்டத்திற்கு முரணானது என்று டெக்சாஸின் தலைமை வழக்கறிஞர் ஜான் கார்னின் 1999லேயே வழக்குத் தொடர்ந்திருந்தார். இதற்கிடையே பக்கத்து மாநிலமான லூயிசியானாவில் கௌஷாட்டா என்ற மற்றொரு பழங்குடியினர் பெரிய சூதாட்ட விடுதி நடத்தி வந்தனர். டெக்சாஸிலிருந்து, குறிப்பாக ஹியூஸ்டனிலிருந்து வருகிறவர்களே அவர்களுக்கு முக்கிய வாடிக்கையாளர்கள். டெக்சாஸில் பழங்குடிகளின் விடுதிகள் நிலைத்துவிட்டால் தங்கள் கூட்டம் குறைந்துவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அவர்கள் அமர்த்தியிருந்த லாபிக்காரர் அப்ரமாஃப்.

சூதாட்ட விடுதி ஒன்று இன்னொரு சூதாட்ட விடுதியை மூட வேண்டுமென்று வெளிப்படையாகக் கேட்க முடியுமா? ஊரே சிரிக்கும். ஆகவே கேட்பதற்கு வேறு குரல் தேவைப்பட்டது. கிறிஸ்தவக் கூட்டணி என்ற பெரும் அமைப்பின் செயல் இயக்குநராக முன்னர் இருந்த ரால்ஃப் ரீட் என்பவர் அமர்த்தப்பட்டார். அவருடைய ஏற்பாட்டில் டெக்சாஸின் போதகர்களும் விசுவாசிகளும் திரண்டனர். தலைமை வழக்கறிஞரின் அலுவலகத்திற்கும் ஆளுநரின் அலுவலகத்திற்கும் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. சூதாட்டம் என்னும் தீமையை ஒழியுங்கள் என்று அவர்கள் மன்றாடினார்கள். அந்த இயக்கத்துக்கான பணம் எங்கிருந்து வந்தது? லூயிசியானாவின் சூதாட்ட மேசைகளிலிருந்து. அது நேராக வரவில்லை. ஸ்கான்லனின் கம்பெனி வழியாகவும் வேறு இடைத்தரகு அமைப்புகள் வழியாகவும் சுற்றி வந்தது. ரீடின் நிறுவனங்களுக்கு இப்படிப் போய்ச் சேர்ந்தது 40 லட்சம் டாலருக்கும் மேல். சூதாட்ட வருமானம் பயன்படுத்தப்படாது என்று தமக்கு உறுதி கூறப்பட்டதாக ரீட் பின்னர் விளக்கமளித்தார். அவர்மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தொலைபேசியை எடுத்துப் பேசிய அந்த எளிய மனிதர்களுக்கு எவரும் எந்த விளக்கமும் அளித்ததாகத் தெரியவில்லை.

அரசர்கள் முதல் நூலில் வரும் நாபோத்தின் கதை நமக்கு நினைவுக்கு வருகிறது. அவனுடைய திராட்சைத் தோட்டத்தைப் பறிக்க ஈசபேல் வகுத்த திட்டத்தின் முதல் படி என்ன? நோன்பு அறிவிப்பது! ஊர் மக்கள் பக்தியோடு கூடினார்கள். பொய்ச்சாட்சி சொல்ல இருவர் நாபோத்துக்கு எதிரே அமர்த்தப்பட்டார்கள். நோன்பிருந்தவர்களில் எத்தனை பேருக்கு அரண்மனையில் எழுதப்பட்ட மடலைப் பற்றித் தெரிந்திருக்கும்?

2002 பிப்ரவரியில் டிகுவா மக்களின் விடுதி மூடப்பட்டது. லாபிக்காரர்கள் இல்லாதிருந்தாலும் நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே வந்திருக்கக்கூடும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கதையின் கொடுமையான பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. விடுதியை மூடப் பாடுபட்ட அதே அப்ரமாஃப், அதே மாதத்தில் எல் பாசோவுக்குப் பறந்து போனார். டெக்சாஸ் அரசு உங்களுக்குப் பெரும் அநீதி இழைத்துவிட்டது, நாங்கள் அதைச் சரிசெய்து தருகிறோம் என்றார். தமக்குக் கட்டணமே வேண்டாம் என்றும் சொன்னார். ஆனால் ஸ்கான்லனின் பணி மட்டும் கட்டாயம் தேவைப்படும் என்றார். அதற்கு 42 லட்சம் டாலர். ஏறத்தாழ 1,300 பேரே கொண்ட மக்களினம், வருமானத்தின் ஊற்றே அடைபட்டிருந்த வேளையில், அந்தப் பணத்தைக் கொடுத்தது. அதில் ஏறத்தாழ பாதி அப்ரமாஃபுக்கே போயிற்று.

அந்த நாட்களில் இருவரும் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களைச் செனட் குழு பின்னர் வெளியிட்டது. விடுதியில் வேலை செய்த 450 பேர் வேலை இழந்த செய்தி எல் பாசோ நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது. டிகுவா மன்றம் தங்கள் திட்டத்தின்மீது வாக்களிக்கும் நாளில் இந்தச் செய்தி வந்திருக்கிறதே என்று மகிழ்ந்து ஸ்கான்லன் அதை அனுப்பினார். வாழ்க்கை எவ்வளவு அருமையாக இருக்கிறது என்ற பொருளில் அப்ரமாஃப் பதில் எழுதினார். வேறு அஞ்சல்களில் தங்களுக்குப் பணம் தந்த பழங்குடியினரை அவர்கள் குரங்குகள் என்றும் மூடர்கள் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். இத்தகைய பேச்சைத் தமிழில் பெயர்த்து எழுதவே நமக்குக் கை கூசுகிறது.

பிறகு நடந்ததும் அதே பாணிதான். தேர்தல் சீர்திருத்தத்திற்கான ஒரு சட்டமுன்வடிவில், விடுதியைத் திறக்க வழிசெய்யும் ஒரு வரியை எவரும் கவனிக்காமல் நுழைத்துவிடலாம் என்று சொன்னார்கள். அதற்கு உதவுவார் என்று ஒஹாயோ மாநில உறுப்பினர் பாப் நெய்யைக் காட்டினார்கள். டிகுவா மக்கள் அவருடைய அரசியல் நிதிகளுக்கு 32,000 டாலர் கொடுத்தார்கள். நெய்யின் அலுவலகத் தலைமை அதிகாரியாக இருந்தவர், அதே ஆண்டில் வேலையை விட்டு அப்ரமாஃபின் குழுவில் சேர்ந்தார். நேற்று மேசைக்கு அந்தப் பக்கம், இன்று இந்தப் பக்கம். ஆனால் அந்த வரி சட்டத்தில் ஏறவே இல்லை. மேலவையில் அச்சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் கிறிஸ்டோபர் டாட், இதற்குத் தாம் இசைவு தரவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பணம் தீர்ந்துபோன டிகுவா மக்களிடம் 2003இல் இன்னொரு யோசனை வந்தது. உங்கள் முதியவர்களின் பெயரில் ஆயுள் காப்பீடு எடுப்போம், அவர்கள் இறக்கும்போது வரும் தொகை அப்ரமாஃப் நடத்திய பள்ளிக்குச் சேரட்டும், அதிலிருந்து அவருக்கான லாபிக் கட்டணத்தைச் செலுத்திக்கொள்ளலாம் என்பதே அது. வயது முதிர்ந்த ஒரு பாட்டி எப்போது கண்ணை மூடுவார் என்று ஒரு கணக்குப் புத்தகம் காத்திருக்க வேண்டுமாம். மன்றத்தினர் மறுத்துவிட்டார்கள். இவ்வளவு இழப்புக்குப் பின்னும் தங்கள் முதியவர்களை விலைபேச அவர்கள் உடன்படவில்லை. இந்தக் கதை முழுவதிலும் நமக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2004 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் பழங்குடிகள் கொடுத்துவந்த பெருந்தொகைகளை அம்பலப்படுத்தியது. செனட்டர் ஜான் மெக்கெய்ன் தலைமையிலான விசாரணை தொடங்கியது. தங்கள் விடுதியை மூடும் முயற்சிக்குப் பின்னால் இருந்தவரையே நம்பித் தாங்கள் பணம் கொடுத்தோம் என்பது டிகுவா மக்களுக்கு அந்த ஆண்டில்தான் தெரியவந்தது. கடிக்கும் முன் பாம்பும் எச்சரிக்கும் என்ற பொருளில் அவர்களின் தலைவர் ஒருவர் சொன்னார். பாம்பு தரும் எச்சரிக்கையைக்கூட இவர்கள் எங்களுக்குத் தரவில்லை என்பது அவருடைய வேதனை.

ஸ்கான்லன் 2005 நவம்பரிலும் அப்ரமாஃப் 2006 ஜனவரியிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பாப் நெய் 2007இல் 30 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அதிகாரிகளும் அலுவலக உதவியாளர்களுமாக ஏறத்தாழ இருபது பேர் தண்டனைக்கு உள்ளானார்கள். நிறுவனம் என்ன ஆயிற்று? அப்ரமாஃப் தங்களிடமே மறைத்துவிட்டார் என்று கூறி, 2004 மார்ச்சில் அவரை வெளியேற்றியது. பாதிக்கப்பட்ட சில பழங்குடிகளுடன் சமரசம் செய்து இழப்பீடு கொடுத்தது. இன்றும் அது உலகின் பெரிய சட்ட நிறுவனங்களுள் ஒன்றாகவே இயங்கி வருகிறது. ஒரு மனிதரின் தனிப்பட்ட சூழ்ச்சி அந்நிறுவனம் முழுவதன் குற்றமாகாது என்பதை ஏற்கலாம். ஆனால் ஓர் அலுவலகத்திற்கு வருமானம் திடீரென்று பல மடங்கு பெருகும்போது, அது எப்படி வருகிறது என்று கேட்கும் பொறுப்பு அதன் தலைமைக்கு இல்லையா? வருமானம் கூடும் வரை கேள்வி எழுவதில்லை, செய்தித்தாளில் வந்த பிறகே எழுகிறது. பல பெரிய நிறுவனங்களில் நாம் காணும் பழக்கம் இது.

இந்த ஊழலின் விளைவாக 2007இல் அமெரிக்காவில் கடுமையான சட்டம் ஒன்று வந்தது. லாபிக்காரர்கள் உறுப்பினர்களுக்கு விருந்தும் பரிசும் தருவது தடைசெய்யப்பட்டது. யாருக்காக, எதற்காக, எவ்வளவு பெற்றோம் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவுசெய்ய வேண்டும் என்று ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், லாபிப் பதிவுச் சட்டத்தை மீறியதற்காக 2020இல் குற்றவியல் வழக்கை எதிர்கொண்டவர் அதே அப்ரமாஃப்தான். வாஷிங்டனில் லாபிக்காகச் செலவாகும் பணமும் குறையவில்லை. அண்மை ஆண்டுகளில் அது ஆண்டுக்கு 400 கோடி டாலரைத் தாண்டியுள்ளது.

ஆயினும் பதிவுக்கு ஒரு பயன் உண்டு. 2012 டிசம்பரில் நம் நாடாளுமன்றமே அமளியில் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வால்மார்ட் நிறுவனம் இந்தியச் சந்தையில் நுழைவது உள்ளிட்ட காரியங்களுக்காக 2008 முதல் ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர் லாபிக்குச் செலவிட்ட செய்தி அப்போதுதான் வெளிவந்தது. அது நமக்கு எப்படித் தெரிந்தது? அமெரிக்கச் சட்டப்படி அந்நிறுவனம் அங்கே தாக்கல் செய்த அறிக்கையிலிருந்து! இங்கே அப்படிப் பதிவுசெய்யச் சொல்லும் சட்டம் இல்லை. டெல்லியில் யார் யாருக்காக எந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதை நாம் வாஷிங்டனின் ஏட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நம் பங்குகளிலும் மனுக்களுக்குக் கையெழுத்துத் திரட்டுகிறோம். மதுக்கடையை மூடவும், மணல் கொள்ளையைத் தடுக்கவும், தலித் கிறிஸ்தவர்களின் உரிமைக்காகவும் திருப்பலி முடிந்தபின் ஆலய வாசலில் வரிசையில் நின்று பெயர் எழுதுகிறோம். இது நல்ல வழக்கம், தொடர வேண்டும். ஆனால் நமக்கு அறிமுகமில்லாத ஓர் அமைப்பு அச்சடித்த தாளோடும் வண்டி வாடகையோடும் வந்து, நம் நியாயமான கோபத்தைக் கேட்கும்போது, அச்சுக் கூலி யார் கொடுத்தது என்று கேட்பதில் தவறேதும் இல்லை. பங்குப் பேரவையில் ஒருவராவது அதைக் கேட்டுவிட்டால் மற்றவர்களுக்கும் துணிவு வரும். கேட்பவரை "எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவர்" என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. டெக்சாஸின் சபைகளிலும் அப்படி யாராவது ஒதுக்கப்பட்டாரோ என்னவோ.

டிகுவா மக்கள் தங்கள் வழக்கை விட்டுவிடவில்லை. பின்னர் பிங்கோ என்ற எண் விளையாட்டை நடத்தத் தொடங்கினார்கள். அதையும் மாநில அரசு தடுக்க முயன்றது. வழக்கு ஒவ்வொரு படியாக ஏறி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தை எப்படிப் படிப்பது என்பதே அங்கே எழுந்த கேள்வி. டெக்சாஸ் முற்றிலும் தடைசெய்திருக்கும் விளையாட்டுகளுக்கே பழங்குடி நிலத்திலும் தடை உண்டு, மாநிலத்தில் கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கப்படும் பிங்கோவை அது தடுக்க முடியாது என்று ஐந்து நீதிபதிகள் கூறினர், நால்வர் மறுத்தனர். தீர்ப்பை நீதிபதி நீல் கோர்சச் எழுதினார். தீர்ப்பு வெளிவந்த நாள் 2022 ஜூன் 15. இஸ்லெட்டாவில் அந்தோனியார் திருவிழா முடிந்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன.